36 வாரமா, 33 வாரமா?

எனக்கு மாதவிடாய் எப்போதுமே தள்ளித்தான் வரும், நாற்பது நாள், சில தடவை ஐம்பது. கடைசித் தீட்டின் முதல் நாளோடு 280 நாள் கூட்டிப் பிரசவத் தேதி சொல்கிற கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை சரியாக வருகிறவர்களுக்குத்தான் பொருந்தும். (முதல் நாள் என்பதைக் கவனியுங்கள். எங்கள் பக்கம் பலர் தலைக்குக் குளித்த தேதியைச் சொல்லிவிடுவார்கள், அதிலேயே மூன்று நாலு நாள் போய்விடும்.)

பனிக்குடம் உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நான் சொன்ன தேதியை வைத்து 36 வாரம் என்று எழுதினார்கள். ஸ்கேன் பார்த்துவிட்டு, அந்த வாரத்துக்குக் குழந்தை ரொம்பச் சின்னது, வளர்ச்சி குறைவு என்றார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அம்மாவுக்குத்தான் பழைய ஸ்கேன் ஞாபகம் வந்தது. 12 வாரம் என்று நினைத்துப் போன அன்று, குழந்தையின் நீளம் 23 மில்லிமீட்டர், 9 வாரம்தான் என்று ரிப்போர்ட் கொடுத்திருந்தார்கள். அவர் வீட்டுக்கு ஓடிப்போய் அதை எடுத்து வந்தார். முதல் மூன்று மாதத்து ஸ்கேனில் ஒரு வாரத்துக்கு மேல் பிசகாது, கடைசி மாதங்களில் மூன்று வாரம் வரைகூட மாறும் என்று பெரிய டாக்டர் சொல்லி, 36-ஐ அடித்து 33 என்று எழுதினார். உடனே குழந்தையின் நுரையீரல் முதிர டெக்ஸாமெத்தசோன் ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. 36 என்றே விட்டிருந்தால் அந்த ஊசி போட்டிருக்க மாட்டார்கள். இப்போது நினைத்தாலும் அடிவயிறு கலங்குகிறது.

மகள் 1,750 கிராம். குழந்தை டாக்டர் அவள் உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார், ரேகை முன்பாதியில் மட்டும், குதிகால் பக்கம் வழவழவென்று இருந்தது. காது மடலை மடக்கி விட்டால் மெதுவாகத்தான் நிமிர்ந்தது. இதெல்லாம் மாதம் நிறையாததன் அடையாளம், 33-க்கு இந்த எடை சரிதான் என்றார். ஆனால் உறிஞ்சி விழுங்கத் தெரியவில்லை, முதலில் டியூப், அப்புறம் பாலாடை (பால் புகட்டுகிற சின்னக் கிண்ணம்). ஐந்தாம் நாள் 1,600-க்கு இறங்கியபோது அழுதுவிட்டேன், முதல் வாரம் அப்படித்தான் இறங்குமாம். நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறி நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தோம். "ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது" என்று சொல்ல வந்தவர்களை அம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அந்தப் பேச்சு சுத்தப் பொய், ஒவ்வொரு வாரம் கூடக் கூடப் பிள்ளைக்குத் தெம்புதான். இப்படிக் குறைமாசத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த முப்பது நாளுக்குள் கண் விழித்திரைப் பரிசோதனையை மட்டும் யாரும் தவற விடாதீர்கள்.

~

அக்கா, என் பையனும் கிட்டத்தட்ட அதே எடைதான், 1,800. ஆனால் 38 வாரம். எனக்கு பிபி ஏறி, நஞ்சுக்கொடி வழியாக அவனுக்குச் சத்து சரியாகப் போகவில்லை. உள்ளங்கால் முழுக்க ரேகை, பிறந்த அன்றே மார்பில் வாய் வைத்து நன்றாக இழுத்தான், மூச்சிலும் குறை இல்லை. அவன் விஷயத்தில் பயமே வேறு மாதிரி, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்று சில மணிக்கு ஒரு தடவை குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். பக்கத்துப் படுக்கையில் உங்கள் மகள் மாதிரி ஒரு குழந்தை, அதே எடை, அது டியூபில். இரண்டு பேருக்கும் ஏன் வேறு வேறு வைத்தியம் என்று என் மாமியார் நர்ஸம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டார். நர்ஸம்மா பொறுமையாக இரண்டு குழந்தைகளின் உள்ளங்காலையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார், அத்தை அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை.