டிரோஜன் இல்லாத டிசைனையும் டிரோஜன் என்கிறது, அவசர உதவி

புதுவரவு9: ஹார்ட்வேர் டிரோஜன், அதாவது சிப்புக்குள் ஒளித்துவைத்த தீய சுற்றைக் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட். ஏஇஎஸ் (தகவலை மறையாக்கும் முறை) டிசைன், டிரோஜன் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. மின்நுகர்வு டிரேஸ்களை (சிப் ஓடும்போது எடுத்த பதிவுகளை) ஒப்பிட்டதில் நேற்று வரை அருமையாகப் பிரித்தது. இன்று இரண்டையுமே டிரோஜன் என்கிறது. நாளை டெமோ. கோடில் என்ன மாற்ற வேண்டும்?

கசிவு: டிசைனை மாற்றி மாற்றி ஏற்றக்கூடிய எஃப்பிஜிஏவா, ஒரே வேலைக்கென்று செய்த சிப்பான ஏசிக்கா? நேற்றும் இன்றும் ஒரே போர்டா? எத்தனை டிரேஸ்? ஒன்றுமே சொல்லவில்லையே.

குறைகடத்தி: சூடுதான். வெப்பம் ஏறினால் கசிவு மின்னோட்டமும் ஏறும். அரை மணி நேரம் ஓடவிட்டு அளந்து பாருங்கள்.

மூத்தவன்: கோல்டன் சிப், அதாவது டிரோஜன் இல்லை என்று உறுதியான ஒப்பீட்டுச் சிப், என்றால் என்னவென்று படித்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஒரே மாஸ்க்கில் (சிப்பின் அச்சில்) பிறந்த இரண்டு சிப்புகளே ஒரே மாதிரி மின்சாரம் குடிப்பதில்லை. குட்டி டிரோஜனின் தடம் அந்த வித்தியாசத்துக்குள் மூழ்கிப் போகும். 2007-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் சிப்புக்குக் கைரேகை எடுப்பது பற்றி எழுதியதே இந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான்.

புதுவரவு9: எஃப்பிஜிஏ. நேற்றைய போர்டை நண்பர் வாங்கிப் போய்விட்டார். இது வேறு போர்டு, ஆனால் அதே மாடல்தான்.

கசிவு: அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! இன்னொன்று: டிரோஜனைச் சேர்த்தபின் பிளேஸ் அண்ட் ரூட்டை (சுற்றின் பகுதிகளுக்கு இடமும் இணைப்பு வழியும் ஒதுக்கும் வேலையை) முழுதாக மறுபடி ஓட்டினீர்களா? அப்படியென்றால் ஏஇஎஸ்ஸே இடம் மாறியிருக்கும். நேற்று நீங்கள் பிடித்தது டிரோஜனை அல்ல, அந்த இடமாற்றத்தை. ஏஇஎஸ்ஸின் இடத்தையும் ரூட்டிங்கையும் பூட்டிவிட்டு, காலியாக இருக்கும் இடத்தில் மட்டும் டிரோஜனை வையுங்கள்.

மெய்ப்படம்: இந்த அளவீடெல்லாம் எதற்கு? சிப்பை அடுக்கடுக்காகத் தேய்த்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, லேஅவுட்டோடு (சிப்பின் வரைபடத்தோடு) ஒப்பிட்டால் தெரிந்துவிடும். 2023-இல் ஜெர்மனியில் நான்கு சிப்புகளில் இருந்த 40 மாற்றங்களில் 37-ஐ இப்படித்தான் பிடித்தார்கள்.

மூத்தவன்: தப்பிய மூன்றும் 28 நானோமீட்டர் சிப்பில். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2013-இல் டோப்பிங்கை (சிலிக்கானில் கலக்கும் வேற்றுப்பொருளை) மட்டும் மாற்றி டிரோஜன் செய்து காட்டினார்களே, அதில் மெட்டல் அடுக்கில் ஒரு கோடுகூட மாறாது. எதைப் படமெடுப்பீர்கள்?

மெய்ப்படம்: டோப்பிங் மாற்றமும் நுண்ணோக்கியில் தெரியும் என்று அடுத்த ஆண்டே காட்டிவிட்டார்கள். நீங்கள் 2013-லேயே நின்றுவிட்டீர்கள் போல.

குறைகடத்தி: எஃப்பிஜிஏவைத் தேய்த்து என்ன கிடைக்கும்? இங்கே மாறுவது சிப் அல்ல, அதில் ஏற்றும் டிசைன் கோப்பான பிட்ஸ்ட்ரீம்! சூட்டைப் பார்த்தாரா இல்லையா?

புதுவரவு9: பழைய போர்டு கிடைத்தது, மறுபடி பிரிக்கிறது. ஆனால் ஏஇஎஸ்ஸைப் பூட்டியதும் வித்தியாசமே காணோம். இப்போது டிரோஜனும் தெரியவில்லை.

கசிவு: நினைத்தேன். டிரோஜனை எழுப்பும் டிரிகர் எவ்வளவு பெரிய சுற்று? அளக்கும்போது அது கொஞ்சமாவது இயங்குகிறதா? எத்தனை டிரேஸ் என்று இன்னும் சொல்லவில்லை.

கசிவு: இருக்கிறீர்களா?