விஞ்ஞானியைத் தனியாக அடைத்து வைத்தால்தான் கதை நகருமா?

அரைவேக்காடு:
குறுநாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகர் ஒரு உயிரியலாளர், தான் கண்டுபிடித்த மருந்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்ப்பவர். முதலில் அவரை ஆளில்லாத தீவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்திருந்தேன். படித்த நண்பர், "மறுபடியும் பைத்தியக்கார விஞ்ஞானியா?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சரி என்று சக ஆய்வாளர்கள் ஆறு பேரைச் சேர்த்தேன். கதை படுத்துவிட்டது. அவர் ஊசியை எடுத்தாலே ஒருத்தி, "இதற்கு அனுமதி வாங்கினீர்களா?" என்கிறாள். நாற்பது பக்கம் இப்படியே போகிறது. தனிமை இல்லாமல் இந்த வெறியை எழுதவே முடியாதா?

பழைய வாசகி:
அந்த "அனுமதி வாங்கினீர்களா"வை மட்டும் வெட்டிவிடாதீர்கள். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) எடுத்துக்கொள்ளுங்கள். செத்த உடம்புக்கு உயிர் கொடுக்கப் பார்க்கும் விக்டர் ஏறக்குறைய இரண்டு வருடம் மாடியறையே கதி என்று கிடக்கிறான். எனக்கு அதில் உறுத்துவது அவன் வீட்டுக்கு எழுதாத கடிதங்கள்தான். கடிதம் நின்றால் மற்ற கடமைகளையும் கைவிட்டுவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன் என அப்பா முன்பே சொல்லியிருக்கிறார். அது ஞாபகம் இருந்தும் எழுதுவதில்லை.

எச். ஜி. வெல்ஸின் 'தி இன்விசிபிள் மேன்' (1897) நாவலின் விஞ்ஞானி கிரிஃபினுக்குத் தீவும் கிடையாது, லண்டனில் ஒரு வாடகை அறைதான். ஒரு பூனையைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைய வைக்கிறான். அதன் கண்ணுக்குள் இருக்கும் படலம் மட்டும் மறையாமல் மினுங்குகிறது. கீழே குடியிருக்கும் கிழவி கதவைத் தட்டித் தன் பூனையைக் கேட்கிறாள். அவளுக்கு உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான். இங்கே இல்லையே என்று வெகு மரியாதையாகச் சொல்லி அனுப்புகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். (வீட்டில் பூனை இருப்பவர்களுக்குப் புரியும்.)

உங்கள் ஆள் "என் உடம்புதானே" என்பார். கிரிஃபினும் பூனைக்கு அப்புறம் தன்னைத்தான் மாற்றிக்கொண்டான். ஆனால் அந்த ஆராய்ச்சிக்கான பணம் அப்பாவிடம் திருடியது. அது அப்பாவின் பணமும் இல்லை, அவர் தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தார்.

நியூட்ரினோ:
கதவைத் தட்ட ஒருத்தி இருந்தால் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் அணுகுண்டு செய்ய ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாகத்தான் இருந்தார்கள். ஜெர்மனி குண்டு முயற்சியைக் கைவிட்டது தெரிந்ததும் 1944 கடைசியில் ஜோசஃப் ராட்பிளாட் என்ற இயற்பியலாளர் விலகினார். ஏன் போகிறார் என்பதைச் சக ஆய்வாளர்களிடம் பேசக் கூடாது என்று நிபந்தனை. அத்தனை கூட்டத்துக்குள் அப்படி ஒரு தனிமை! உங்கள் ஆறு பேரும் இருக்கட்டும், ஆறு பேருக்கும் அந்த மருந்தின் மேல் ஆசையும் இருக்கட்டும். இப்போது அவர்கள் காவல்காரர்கள் மாதிரி நிற்கிறார்கள், அதனால்தான் கதை படுக்கிறது.

அரைவேக்காடு:
உண்மைதான், அந்த ஆறு பேருக்கும் நான் ஆசையே வைக்கவில்லை. அனுமதி கேட்பவளை இரண்டாம் அத்தியாயத்தில் மாற்றலில் அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். அவளே ஐந்தாவது ஊசியைப் போட்டுவிட்டால்?

பழைய வாசகி:
அப்படியானால் கதையை அவள் சொல்லட்டும். முதல் நான்கு ஊசிகளின்போது அவள் எங்கே நின்றாள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.