அம்மாவின் மறைவுக்குப் பிறகு வந்த வெறுமை: உளவள ஆலோசனையால் பயன் உண்டா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கு அருகில் வசிக்கிறேன்; வயது 47; திருமணம் செய்துகொள்ளவில்லை. பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட என் தாயைப் பல ஆண்டுகள் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதற்காகவே தனியார் பள்ளியில் பார்த்து வந்த ஆசிரியை வேலையையும் விட்டேன். அவர் காலமாகித் தலைத்திவசமும் முடிந்துவிட்டது.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று செவிலியர் சொல்லிக்கொடுத்திருந்தார். இன்றும் இரவில் அந்தந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து விளக்கைப் போட்ட பிறகுதான் கட்டிலில் யாருமில்லை என்பது உறைக்கிறது. பகலில் சமைக்கிறேன், துணி துவைக்கிறேன், கேட்டவர்களுக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் இவற்றையெல்லாம் யாருக்காகச் செய்கிறேன் என்று புரியவில்லை. “இனியாவது உனக்கென்று வாழ், அக்கா” என்கிறார்கள் தம்பிகள். அப்படி வாழ்வது எப்படி என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

உள்ளூர் மருத்துவர் தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் சோதித்துப் பார்த்து, உடலில் குறையில்லை, ஒரு கவுன்சலரைப் பாருங்கள் என்றார். என் தயக்கம் இதுதான்: முன்பின் அறியாத ஒருவரிடம் பேசுவதால் போனவர் திரும்பி வரப்போவதில்லை, அறிவுரையோ உறவினர்களிடமிருந்தே வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. அந்த அறைக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது? நான் சொல்வது வெளியே போகாது என்பதற்கு என்ன உறுதி? வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றும் எனக்குள் இருக்கிறது. அதை இங்கே எழுதவும் துணிவில்லை.

மனநலப்பணி_மதுரை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றுகிறேன். இணையத்தில் எழுதியதை மட்டும் வைத்து உங்களுக்கு இன்னதுதான் என்று சொல்வது முறையாகாது. எனவே பொதுவாகச் சொல்கிறேன்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நீளும். தூக்கம், பசி, உடல்நிலை, குடும்பம், முன்பு எடுத்துக்கொண்ட மருந்துகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததுண்டா என்றும் நேரடியாகவே கேட்பார்கள். அதைக் கேட்டு அதிர வேண்டாம், கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடுவதும் இல்லை. துக்கத்தோடு மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அந்த முதல் சந்திப்பின் வேலைதான். இருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். தேவைப்பட்டால் மருந்தும் பேச்சும் சேர்ந்தே நடக்கும்.

அறிவுரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நன்றாகப் பயிற்சி பெற்றவர் அறிவுரை சொல்ல அவசரப்பட மாட்டார். உங்கள் உறவினர்களுக்கு உங்கள் துயரம் சீக்கிரம் முடிய வேண்டும். அவர்கள் உங்களை நேசிப்பதாலேயே உங்கள் அழுகையை அவர்களால் தாங்க முடியவில்லை. கவுன்சலருக்கு அந்த அவசரம் இல்லை. நீங்கள் அழுதால் அவர் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காமல் போகாது. இது கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம், ஆனால் முன்பின் அறியாத ஒருவரிடம் பேசுவதன் பலத்தில் பாதி அதில்தான் இருக்கிறது.

துக்கத்தைப் பற்றி நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டில் முன்வைத்த ஒரு விளக்கம் உங்களைப் போன்றவர்களோடு பேசும்போது எனக்கு மிகவும் உதவுகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பை நோக்கி ஒருமுறையும், மாறிப்போன வாழ்க்கையின் வேலைகளை நோக்கி ஒருமுறையும் மாறி மாறிச் சென்று வருகிறார். இந்தப் போக்குவரத்துதான் இயல்பு என்கிறார்கள் அவர்கள். காலையில் அழுதவர் மாலையில் வங்கிக்குப் போய்க் கணக்கை மாற்றுவது கல்நெஞ்சமல்ல. வங்கியில் சிரித்துப் பேசியவர் இரவில் உடைந்துபோவது பின்னடைவுமல்ல. ஏதோ ஒரு பக்கத்திலேயே நின்றுவிடும்போதுதான் உதவி தேவைப்படுகிறது. நீண்ட காலம் நோயாளியைப் பராமரித்தவர்களுக்கோ மறுபக்கமே காலியாகக் கிடக்கிறது. வேலையும் நட்பும் பொழுதுபோக்கும் பராமரிப்புக் காலத்திலேயே ஒவ்வொன்றாகக் கழன்று போயிருக்கும். ஆகவே நீங்கள் இழந்தது தாயை மட்டுமல்ல, ஒரு நாளை மணிக்கணக்காகப் பிரித்துத் தந்த ஒரு பணியையும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பராமரித்தவர்களில் பலர் பல சந்திப்புகளுக்குப் பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, ஒரே விஷயத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்: உயிர் பிரிந்த அன்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது என்று. அதைச் சொன்ன மறுகணமே தங்களைப் பாவி என்றும் சொல்லிக்கொள்வார்கள். உங்கள் மனத்தில் இருப்பது இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை அதுவாக இருந்தால், எந்தக் கவுன்சலரும் அதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வலியில் துடித்த ஒருவரின் வலி நின்றபோது வந்த நிம்மதியும், உங்கள் சொந்தக் களைப்பு நின்றதால் வந்த நிம்மதியும் கலந்தே இருக்கும். இரண்டுமே அன்புக்கு எதிரானவை அல்ல.

“யாருக்காக” என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிய வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல், வாழ்வின் பொருளைத் தேடுவதையே மையமாகக் கொண்ட லோகோதெரபி என்ற சிகிச்சை முறையை உருவாக்கினார். மனைவி இறந்து 2 ஆண்டுகளாகியும் துயரத்திலிருந்து மீள முடியாத ஒரு முதிய மருத்துவர் அவரிடம் வந்தார். நீங்கள் முதலில் இறந்து உங்கள் மனைவி தனியாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பிராங்கல் கேட்டார். அவள் தாங்கியிருக்கவே மாட்டாள் என்றார் முதியவர். அந்தத் துன்பம் அவருக்கு நேராமல் நீங்கள் தடுத்திருக்கிறீர்கள், அதற்கு விலையாகத்தான் இப்போது நீங்கள் தனித்து வருந்துகிறீர்கள் என்று பிராங்கல் சொல்ல, அவர் ஒன்றும் பேசாமல் கைகுலுக்கிவிட்டுப் போனார். இதை நான் மந்திரச் சொல்லாக எடுத்துக்காட்டவில்லை. இதே வாக்கியத்தைத் துக்கம் விசாரிக்க வரும் உறவினர் சொன்னால் எரிச்சல்தான் வரும். பொருளைக் கண்டுபிடித்துத் தருவது கவுன்சலரின் வேலையல்ல என்பதில் பிராங்கல் உறுதியாக இருந்தார். அதை அந்தந்த மனிதரே கண்டடைய வேண்டும். சரியான நேரத்தில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி வழியைத் திறக்கலாம், அவ்வளவுதான்.

வைகைவாசி எழுதியது:

மேலே எழுதியவரின் படிப்பை மதிக்கிறேன். ஆயினும் ஒரு மாற்றுக் கருத்து. நம் ஊர்களில் சாவு வீட்டில் ஒப்பாரி வைத்தார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள், இறந்தவரின் நல்லதையும் கெட்டதையும் பாட்டிலேயே சொல்லித் தீர்த்தார்கள். பதினாறாம் நாள் வரை வீட்டில் ஆள் நடமாட்டம் குறையாது. இப்போது குளிரூட்டிய பெட்டியைச் சுற்றி வாய் மூடி உட்கார்ந்திருக்கிறோம், மூன்றாம் நாளே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்குப் பேருந்து ஏறுகிறோம். இருந்ததைத் தொலைத்துவிட்டு அதையே மணிக்கணக்குக்குக் கட்டணம் கொடுத்து வாங்குவதாகவே எனக்குப் படுகிறது. அம்மையார் கோயிலுக்கோ, ஒரு முதியோர் இல்லத்துக்கோ சென்று நான்கு பேருக்கு உதவி செய்தால் மனம் தானாக இளகும்.

நெய்தல்நிலவன் எழுதியது:

ஐயா, ஒப்பாரியைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. என் மனைவி இறந்தபோது எங்கள் கிராமத்துப் பெண்கள் வந்து அழுதது எனக்கு உண்மையிலேயே துணையாக இருந்தது. ஆனால் பதினாறாம் நாளுக்குப் பின் வந்த மாதங்களுக்கு அதில் மருந்து இல்லை. அத்துடன், ஒப்பாரி பெண்களுக்கு இடம் கொடுத்தது. என்னைப் போன்ற ஆண்களைத் திண்ணையில் உட்கார வைத்து வருபவர்களைக் கும்பிடச் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆம் பதிப்பிலேயே நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. 6 மாதங்களைக் கடந்தும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறிய அளவில், அன்றாட வாழ்வையே முடக்கும் ஏக்கம் தொடர்ந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். வழக்கத்தையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முதியோர் இல்லத்துக்குச் செல்லும் யோசனை நல்லதுதான். ஆனால் பல ஆண்டுகள் நோயாளியைத் தூக்கிக் களைத்தவரிடம் உடனே இன்னும் நான்கு பேரைத் தூக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சகோதரி, நான் முதலில் பார்த்தவர் கால் மணி நேரத்துக்குள் கர்மவினையைப் பற்றிச் சொற்பொழிவாற்றத் தொடங்கி, ஒரு தியான வகுப்பில் சேரவும் சொன்னார். அவரிடம் மறுபடி போகவில்லை. பிறகு திருச்சியில் வேறொருவரைப் பார்த்தேன். மனைவியின் கைப்பேசியை நான் தினமும் சார்ஜ் செய்துகொண்டிருந்தேன் என்று அவரிடம் சொன்னபோது, அதை நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. “அதில் மணி அடித்தால் யாராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அன்றுதான் நாங்கள் கடைசியாகச் சண்டையிட்ட இரவைப் பற்றி முதன்முறையாகப் பேசினேன். எல்லாச் சந்திப்புகளும் அப்படி அமையவில்லை. சில நாள்களில் பேசிவிட்டுக் களைத்துப்போய் வந்து, எதற்குச் சென்றோம் என்று சலித்துக்கொண்டதும் உண்டு. கைப்பேசி இப்போது அலமாரியில் இருக்கிறது. எப்போது சார்ஜ் செய்வதை விட்டேன் என்று நினைவில்லை.

சோழமண்டலம் எழுதியது:

நடைமுறைத் தகவல்கள் சில. தஞ்சை மாவட்டத்தின் அரசுத் தலைமை மருத்துவமனை கும்பகோணத்திலேயே இருக்கிறது. அங்கே மாவட்ட மனநலத் திட்டம் பற்றி விசாரியுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் மனநலத் துறை உண்டு. அரசு மருத்துவமனைகளில் கூட்டம் அதிகம், ஒருவருக்கு ஒதுக்கும் நேரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் மனச்சோர்வு இருக்கிறதா என்று சரியாகக் கண்டறிய அது போதுமான தொடக்கம்.

நேரில் செல்லத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் எண் அது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நள்ளிரவில் விழித்துக்கொள்ளும் உங்களுக்கு இது குறிப்பாகப் பயன்படும்.

தனியாரிடம் செல்வதானால் பலகையை மட்டும் பார்த்து உள்ளே நுழையாதீர்கள். சில வாரச் சான்றிதழ் வகுப்பை முடித்தவரும் கவுன்சலர் என்றே போட்டுக்கொள்கிறார். மருத்துவ உளவியலாளர் என்றால் அதற்குரிய எம்.ஃபில். போன்ற பயிற்சியும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவும் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதையல்ல. கவுன்சலர் என்றால் உளவியலிலோ உளவியல் சமூகப்பணியிலோ முதுகலைப் பட்டமும், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பணியாற்றிய அனுபவமும் உண்டா என்று கேளுங்கள். கட்டணத்தைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

ரகசியத்தைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்ற நிலை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. முதல் நாளே அவற்றை அவர் விளக்கிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மதுரையிலிருந்து எழுதியவர் குறிப்பிட்டது எதுவோ, அதுதான் நான் எழுதத் துணியாதது. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை.

நேற்றிரவு விழிப்பு வந்தபோது 14416ஐ அழைத்தேன். ஒரு பெண் பேசினார், அவசரப்படுத்தவில்லை, நேரில் ஒருவரைப் பார்ப்பது நல்லது என்று அவரும் சொன்னார். வரும் வாரம் அரசு மருத்துவமனைக்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். தம்பி உடன் வருகிறேன் என்கிறான். அவன் அருகில் இருந்தால் என்னால் பேச முடியாது. வேண்டாம் என்றாலும் வருந்துவான். அங்கே போய் எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை.

மனநலப்பணி_மதுரை எழுதியது:

தம்பி வரட்டும். வெளிநோயாளர் சீட்டு வாங்கவும் வரிசையில் துணையாக நிற்கவும் ஆள் தேவைதான். உள்ளே சென்றதும், தனியாகப் பேச விரும்புகிறேன் என்று நீங்கள் சொன்னால் போதும். அவரை வெளியே அமரச் சொல்வது எங்களுக்கு அன்றாட வழக்கம், அதில் அவர் தவறாக நினைக்கவும் ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகளையும், தற்போது ஏதேனும் மாத்திரை எடுத்துக்கொண்டால் அந்தச் சீட்டையும் கொண்டு செல்லுங்கள். எப்படித் தொடங்குவது என்று தடுமாற்றமாக இருந்தால், இங்கே நீங்கள் எழுதிய முதல் பதிவின் இரண்டாம் பத்தியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அப்படியே அவரிடம் நீட்டலாம். மற்றதை அவர் கேட்பார்.