புதுப்பிப்பு: மொசின் நாகன்ட் 91/30-இல் துளை போடாமல் ஸ்கோப் பொருத்தியாயிற்று

1943-இல் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்த என் மொசின் நாகன்ட் துப்பாக்கியில், ரிசீவரை (போல்ட் ஓடும் உலோக உடல்பகுதி) துளைக்காமல் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைக்க இங்கே வழி கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

குழல் மேலுள்ள பின்பக்கக் குறிகாட்டியின் பட்டையைக் கழற்றி, அதே இடத்தில் மவுண்ட் (ஸ்கோப்பைத் தாங்கும் பிடி) மாட்டச் சொன்ன யோசனைதான் பலித்தது. ரிசீவருக்கு மேலே ஸ்கோப் வைத்தால், தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட்டின் நேரான கைப்பிடியைத் தூக்கும்போது அதில் முட்டும். கைப்பிடியை வெட்டி வளைக்க எனக்கு மனமில்லை.

பட்டையைப் பிடித்திருக்கும் சிறு ஆணி (pin) லேசில் வரவில்லை. அடியிலுள்ள ஸ்பிரிங் அதை இறுக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, பட்டையை கிளாம்ப்பால் அழுத்திப் பிடித்துத் தட்டியதும் ஆணி நழுவி வந்தது. எடுத்த பாகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்; எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாட்டிவிடலாம்.

ஸ்கோப் கண்ணிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்பதால், நீண்ட ஐ ரிலீஃப் (கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே வேண்டிய தூரம்) உள்ளதுதான் ஆகும். சாதாரண வேட்டை ஸ்கோப் வேண்டாம். ரிசீவரின் மேல்பக்கம் திறந்தே இருப்பதால் கிளிப்பில் (தோட்டாக்களைக் கோத்துவைக்கும் தகடு) உள்ள 5 தோட்டாவையும் ஒரே அழுத்தில் ஏற்ற முடிகிறது, இது பெரிய வசதி.

எதிர்பாராதது ஒன்று: குறைந்த உருப்பெருக்கத்தில் முன்பக்கக் குறிகாட்டி அடியில் மங்கலாகத் தெரிகிறது. கூட்டினால் மறைந்துவிடும். அப்புறம், சுட்டபின் மவுண்ட் திருகுகள் தளர்ந்தன. நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முடுக்கியதும் சரியாகிவிட்டது.