குழப்படியா, கவனக் குறைபாடா? எட்டு வயது மகனுக்காக யாழ்ப்பாணத்தில் யாரிடம் போவது?

வினா: தரம் 3 மாணவனின் தாய், நல்லூர்

என் மகனுக்கு எட்டு வயது. இந்தத் தவணையில் மட்டும் மூன்று தண்ணீர்ப் போத்தல்களையும் ஒற்றைச் சப்பாத்தையும் தொலைத்துவிட்டான். அவனுடைய கொப்பியைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் இரண்டு வரிகள் மணிமணியாக இருக்கின்றன. மூன்றாம் வரியில் எழுத்துக்கள் கோட்டை விட்டு இறங்குகின்றன. அதற்குக் கீழே வெறும் தாள். சில பக்கங்கள் அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்தே ஓட்டையாகிவிட்டன. ஆசிரியை கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிறானாம். அதே விடையை எழுதச் சொன்னால் எழும்பிப் போய் யன்னலடியில் நிற்கிறானாம். முன்பள்ளிக் காலத்திலும் இப்படித்தான் இருந்தான். அப்போது அது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

தேர்ச்சி அறிக்கையில் "சொல்வழி கேளாத பிள்ளை" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மாமியார் நாவூறு என்று நூல் கட்டுவித்தார். மாமா, "இவன்ரை தகப்பனும் சின்னனிலை இப்பிடித்தான்" என்று சொல்லி விட்டுவிடுகிறார். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். இரவில் அவர் அழைக்கும்போது அன்றைய முறைப்பாடுகளை நான் சொல்வது வழக்கமாகிவிட்டது. இப்போதெல்லாம் தொலைபேசி ஒலித்தால் பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறான்.

போன கிழமை வீட்டுப்பாடத்தின்போது அடிமட்டத்தால் அவன் காலில் அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. "அம்மா, நான் இருக்கத்தான் பாக்கிறன், கால்தான் எழும்புது" என்றான். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா, இது ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடும் மிகை இயக்கமும்) ஆக இருக்கலாம் என்கிறார். ஆனால் இதே பிள்ளை பழைய சைக்கிள் மணி ஒன்றைக் கழற்றிப் பூட்டுவதற்காக ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். கவனக் குறைபாடுள்ள பிள்ளையால் அது முடியுமா? இங்கே யாரிடம் காட்டலாம்? மருந்து கொடுத்துத்தான் தீரவேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

மறுமொழி 1: உளவளத்துணையாளர், யாழ்ப்பாணம்

சகோதரி, உங்கள் மகன் சொன்ன அந்த வசனத்தை அப்படியே எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்க வேண்டிய வசனம் அது.

சைக்கிள் மணியைப் பற்றிய உங்கள் கேள்வியைப் பெரும்பாலான பெற்றோர் கேட்கிறார்கள். இந்தக் குறைபாட்டில் கவனம் இல்லாமல் போவதில்லை. அதைத் தேவையான இடத்துக்குத் திருப்புவதும், சலிப்பான வேலையில் பிடித்து வைத்திருப்பதும்தான் கடினமாகின்றன. தானாகவே ஈர்க்கின்ற ஒரு பொருளில் பிள்ளை மூழ்கிப்போவதை மட்டும் வைத்து, குறைபாடு இல்லை என்று முடிவுகட்ட இயலாது. அதேபோல, தொலைந்த போத்தல்களை வைத்து இருக்கிறது என்றும் முடிவுகட்ட இயலாது.

இதைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இல்லை. பிள்ளையின் வரலாற்றைக் கேட்டும், வீடு பாடசாலை ஆகிய இரண்டு இடங்களிலிருந்தும் தகவல் பெற்றும்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். பரவலாகப் பயன்படும் அளவுகோலின்படி கவனக்குறைவுக்கு ஒன்பது, மிகை இயக்கத்துக்கும் யோசிக்காமல் செய்யவைக்கும் உந்துதலுக்கும் ஒன்பது என அறிகுறிகள் உள்ளன; ஏதாவது ஒரு தொகுதியில் குறைந்தது ஆறு அறிகுறிகள், ஆறு மாதங்களுக்குக் குறையாமல், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும்; சில அறிகுறிகளாவது பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீட்டில் மட்டும் குழப்படி, பாடசாலையில் அமைதி என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கும். உலகளவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளிடம் இது காணப்படுகிறது. பரம்பரையின் பங்கும் பெரிது. ஆகவே மாமா தன் மகனைப் பற்றிச் சொன்னதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முதலில் கண்ணையும் காதையும் சோதிப்பியுங்கள். இரவில் குறட்டை விடுகிறானா, வாயால் மூச்சு விடுகிறானா என்று கவனியுங்கள். மூக்கின் பின்புறச் சதை (அடினொயிட்) வீங்கி நித்திரை குழம்பும் பிள்ளைகள் பகலில் சோர்ந்து கிடப்பதற்குப் பதிலாகத் துள்ளித் திரிவதுண்டு. இரும்புச்சத்துக் குறைவு, சில நொடிகள் மட்டும் வெறித்துப் பார்க்கச் செய்யும் ஒருவகை வலிப்பு, எழுத்து வாசிப்பில் இருக்கும் தனிப்பட்ட இடர்ப்பாடு ஆகியவையும் இதைப் போலவே தோற்றமளிக்கலாம். வீட்டில் துயரமோ பயமோ இருந்தாலும் அப்படித்தான். தகப்பன் தூரத்தில் இருப்பதையும் மருத்துவர் கேட்பார், அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போகும் வழி எளிது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் குழந்தை மருத்துவக் கிளினிக்கும் உளமருத்துவப் பிரிவும் உள்ளன. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இயங்குகிறது. இவை அரச சேவைகள் என்பதால் கட்டணம் இல்லை. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலமாகவோ, வழக்கமாகக் காட்டும் குடும்ப மருத்துவரின் கடிதத்துடனோ போனால் அலைச்சல் குறையும். கிளினிக் நாளை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளுங்கள். பிறந்தபோது கொடுத்த பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும், அந்த ஓட்டை விழுந்த கொப்பியையும் கொண்டு செல்லுங்கள். நல்ல கொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு வரும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அங்கே உதவுவது மற்றக் கொப்பிதான்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற விசேட கல்வி ஆசிரியை, சுன்னாகம்

தங்கச்சி, அடித்ததை எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் எழுதிய தாய்க்கு நான் புத்தி சொல்லப்போவதில்லை. என்னுடைய ஆசிரிய வாழ்வின் தொடக்கத்தில் இப்படியான ஒரு மாணவனை நானே பல நாட்கள் வாங்கில் ஏற்றி நிற்கவைத்திருக்கிறேன். நின்றுகொண்டே அவன் கணக்குகளை முடித்துவிடுவான். நான் தண்டனையாகக் கொடுத்தது அவனுக்கு வசதியாக இருந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பத்து வருடங்கள் பிடித்தன. அதற்குள் அவன் பாடசாலையை விட்டுப் போய்விட்டான்.

2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இந்தப் பிள்ளைகளின் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) முதிரும் ஒழுங்கு மற்றப் பிள்ளைகளைப் போன்றதே என்றும், சராசரியாக ஏறக்குறைய மூன்று வருடங்கள் பிந்துகிறது என்றும் கண்டார்கள். எனக்கு அது பெரிய வெளிச்சமாக இருந்தது. உங்கள் மகன் விடை சொல்வதில் எட்டு வயதுக்காரன். ஓரிடத்தில் இருப்பதில் ஐந்து வயதுக்காரனாக இருக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளையை நாற்பது நிமிடம் இருத்தி எழுதவைக்க யாரும் நினைக்கமாட்டோம் அல்லவா?

வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரியுங்கள். நடுவில் கிணற்றடி வரை போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது முற்றத்தைச் சுற்றி ஓடிவரச் சொல்லுங்கள். "ஒழுங்காக இரு" என்பது அவனுக்கு விளங்காத கட்டளை. "இந்த இரண்டு வரியையும் எழுதிவிட்டு என்னிடம் கொண்டு வா" என்பது விளங்கும். அவன் கொண்டுவந்தால் அந்த நிமிடமே பாராட்டுங்கள். கிழமை முடிவில் தரும் பரிசு அவனுக்கு எட்டாத தூரம். நின்று எழுத விரும்பினால் யன்னல் விளிம்பில் கொப்பியை வைத்து எழுதட்டும்.

பாடசாலைக்குப் போகும்போது முறைப்பாட்டோடு போகாதீர்கள். வகுப்பு நிறைந்த பிள்ளைகளின் கொப்பிகளுக்கும் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் நடுவில் ஆசிரியை படும் பாட்டை நான் அறிவேன். முன்வரிசையில், யன்னலுக்கும் கதவுக்கும் தூரமான இடம் ஒன்றையும், வெண்பலகை அழிக்கவும் கொப்பி பகிரவும் எழும்பி நடக்கும் வேலை ஒன்றையும் கேளுங்கள், இரண்டுக்கும் செலவில்லை. வகுப்பாசிரியையால் இயலாவிட்டால் அதிபரிடமும், அடுத்து வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடமும் பேசுங்கள். யாராவது பிள்ளையை அடித்தால், உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 12/2016 சுற்றறிக்கையில் அறிவுறுத்தியிருப்பதை மரியாதையாக நினைவூட்டுங்கள்.

மறுமொழி 3: ஒரு தந்தை, மானிப்பாய்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் "மனநல மருத்துவரிடம் போனான்" என்ற கதை ஒருமுறை வெளியே வந்தால் அது பிள்ளையின் கல்யாணப் பேச்சு வரைக்கும் பின்தொடரும். மருந்து கொடுத்துப் பிள்ளையைச் சடமாக்கிவிடுவார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். இனிப்பை நிறுத்தி, தொலைபேசியைப் பறித்து, இரண்டு வருடம் பொறுத்துப் பார்க்கக்கூடாதா?

மறுமொழி 4: பதினைந்து வயது மகனின் தாய், தெல்லிப்பழை

அண்ணா, நீங்கள் எழுதிய பயத்தோடுதான் நானும் இரண்டு வருடங்கள் பொறுத்திருந்தேன். அந்த இரண்டு வருடங்களில் என் மகன் "நான் மொக்கன்" என்று சொல்லப் பழகிவிட்டான். மருத்துவர் வைத்த பெயரைவிட அந்தப் பெயரைக் கழற்றத்தான் எனக்கு அதிக காலம் எடுத்தது. ஊர் ஏற்கனவே அவனுக்குக் "குழப்படிக்காரன்" என்று பெயர் வைத்திருந்தது. பெயரில்லாத பிள்ளையாக அவன் ஒருநாளும் இருக்கவில்லை.

இனிப்பை நாங்களும் நிறுத்தினோம். ஒரு மாற்றமும் இல்லை. இனிப்பு பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1995இலேயே வெளியான முடிவு என்று பின்னர் மருத்துவர் சொன்னார். தொலைபேசியைக் குறைத்தது நித்திரைக்கு உதவியது, அவ்வளவுதான்.

மருந்தைப் பற்றி நான் அறிந்ததைச் சொல்கிறேன். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சியைத்தான் பரிந்துரைக்கிறார்கள். அதற்கு மேற்பட்ட வயதில், குறைபாடு உறுதியாகி, அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்கு இருந்தால் மருந்தைப் பற்றிப் பேசுவார்கள், முடிவு எங்களுடையது. என் மகனுக்கு மெதைல்பெனிடேட் குளிசை கொடுத்தார்கள். 1950களிலிருந்து பயன்பாட்டில் உள்ள மருந்து அது. குறுகிய நேரத்துக்குரிய வகை ஏறக்குறைய நான்கு மணித்தியாலங்களே வேலை செய்யும். மத்தியானச் சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை. ஆகவே காலையில் குளிசைக்கு முன் புட்டும் முட்டையும் வயிறு நிறையக் கொடுத்து, பின்னேரம் பசி திரும்பும்போது இன்னொரு நேரச் சாப்பாடு கொடுத்தேன். கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் நிறை, உயரம், இரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் அவன் பேச்சுக் குறைந்து மந்தமாகத் தெரிந்தபோது மருத்துவரிடம் சொன்னேன். அளவைக் குறைத்தார், பிள்ளை பழைய கலகலப்புக்கு வந்தான். நீங்கள் சொல்லும் "சடம்" என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றல்ல. மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டிய அறிகுறி.

நல்லூர்ச் சகோதரிக்கு இன்னொன்று. உங்களுக்கும் ஓர் ஆள் வேண்டும். கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த உரும்பிராய்த் தாய் ஒருவரோடு தொடங்கிய பேச்சு ஏழு வருடங்களாகத் தொடர்கிறது. இரவில் மனம் தாங்காத நேரத்தில் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம், தமிழில் பேசலாம். கையை ஓங்கத் தோன்றினால் பிள்ளையை விட்டு நீங்கள் வெளியே போங்கள். நான் துளசி மாடத்தடியில் போய் நிற்பேன்.

வினவிய தாய், ஒன்பது நாட்களின் பின்

எல்லோருக்கும் நன்றி. குடும்ப மருத்துவர் குழந்தை மருத்துவக் கிளினிக்குக்குக் கடிதம் தந்துவிட்டார். அடுத்த மாதம் போகிறோம். கண் பார்வை சரியாக இருக்கிறது. காதுச் சோதனைக்கு நாள் தந்திருக்கிறார்கள். குறட்டை உண்டு, நான்கு இரவுகள் விழித்திருந்து கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆசிரியையிடம் நீங்கள் சொன்னபடி இரண்டு விடயங்களை மட்டும் கேட்டேன். இடத்தை மாற்றிவிட்டார். வெண்பலகை அழிக்கும் வேலையைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்.

கணவரிடம் இரவில் முறைப்பாடு சொல்வதை நிறுத்திவிட்டேன். நேற்று அவர் அழைத்தபோது, தன்னையும் சின்ன வயதில் கொய்யா மரத்தில் கட்டிவைத்து அடித்ததாக முதன்முதலாகச் சொன்னார். பிறகு மகனைக் கேட்டார். அவன் கதவுக்குப் பின்னாலிருந்து சைக்கிள் மணியோடு வந்து, அதை எப்படிப் பூட்டுவது என்று தகப்பனுக்குக் காட்டத் தொடங்கினான்.