அக்கா மகன் ஆகஸ்டில் ஹூஸ்டன் போகிறான்: அமெரிக்க வரலாற்று வகுப்புக்கு எப்படித் தயார் பண்ணுவது?

மார்த்தாண்டம் மாமா:

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரப் பள்ளிக்கூட நோட்ஸ் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். ஆனால் இப்போது வந்திருக்கும் தாள் எனக்கே புதுசு.

என் அக்கா ஹூஸ்டனில் நர்ஸ், அத்தானும் அங்கேதான். மகன் மட்டும் எங்கள் வீட்டில் பாட்டியோடு இருந்து ஸ்டேட் போர்டில் பத்தாம் வகுப்பு முடித்தான். சமூக அறிவியலில் 96 மார்க். விசா எல்லாம் சரியாகிவிட்டது, ஆகஸ்ட் நடுவில் அங்கே பதினொன்றாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும். அந்த வருஷம் அமெரிக்க வரலாறு உண்டாம். கணக்கு, அறிவியல் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவன் பார்த்துக்கொள்வான்.

அக்கா வாட்ஸப்பில் அந்த வகுப்பின் சிலபஸ் அனுப்பினாள். பாடத் தலைப்பு கொஞ்சம்தான். மீதி முழுக்க மாணவனிடம் ஆசிரியர் என்ன எதிர்பார்க்கிறார் என்றே இருக்கிறது. வகுப்பு விவாதத்தில் பேசினால் மார்க், பேசாவிட்டால் குறையும். கட்டுரையில் சொந்தமாக ஒரு வாதம் வேண்டும். மூல ஆவணங்களைச் சான்றாகக் காட்ட வேண்டும். பையன் அதை வாசித்துவிட்டு, "மாமா, உள்நாட்டுப் போர் எப்பவோ முடிஞ்சு போச்சே, அதுல நான் என்னத்த வாதம் பண்ண?" என்று கேட்கிறான். நானும் யோசித்துப் பார்த்தேன், பதில் வரவில்லை.

இவன் படிக்கிற விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். புத்தகத்தை மூடிவிட்டு வரி பிசகாமல் ஒப்பிப்பான். வகுப்பில் கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டான். கிளம்பும் முன் அவனை எதைப் படிக்க வைக்கலாம்? இன்னொன்று, சாதாரண வகுப்பா, ஏ.பி. வகுப்பா (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்துவதாம்) என்று அக்கா கேட்கிறாள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல்காரன், டாலஸ்:

அண்ணே, யோசிக்கவே வேண்டாம், ஏ.பி.யில் போடச் சொல்லுங்க. தேர்வில் 5க்கு 4 எடுத்தால் பல கல்லூரிகளில் கிரெடிட் கிடைக்கும், அந்தப் பாடத்துக்குக் கட்டணம் மிச்சம். தேர்வு மே மாதம் வரும். 55 கொள்குறிக் கேள்வி, 3 குறுவிடை, ஒரு ஆவணக் கட்டுரை, ஒரு நீண்ட கட்டுரை. ஆவணக் கட்டுரைக்கு 7 ஆவணம் கொடுத்து ஒரு மணி நேரம் தருவான், மொத்த மார்க்கில் 25 சதவீதம் அதற்கே. இப்போது எல்லாமே கம்ப்யூட்டரில்தான், அதனால் டைப்பிங் பழகட்டும். நம்ம பிள்ளைகளுக்கு மனப்பாட சக்தி இருக்கு, சமாளித்துவிடுவான்.

தக்கலை டீச்சர்:

குளச்சல் தம்பி தேர்வைப் பற்றிச் சொன்னது சரி. மனப்பாட சக்தி பற்றிச் சொன்னதில் எனக்குச் சம்மதமில்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவள் நான். என் பழைய மாணவர்களில் சிலருடைய பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், அவர்கள் கட்டுரையை எனக்கு அனுப்புவதுண்டு. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பாடம். டெக்சாஸில் இந்த வரலாற்றை இரண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். குடியேற்றக் காலத்திலிருந்து 1877 வரை எட்டாம் வகுப்பில் முடிந்துவிடும். 1877க்குப் பிறகு நடந்தது உயர்நிலைப் பள்ளியில். நம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் பாஸ்டன் தேநீர் விருந்து, யார்க்டவுன், 1783 பாரிஸ் உடன்படிக்கை என்று வந்து, அங்கிருந்து பிரெஞ்சுப் புரட்சிக்குத் தாவிவிடுகிறோம். ஆக உங்கள் மருமகனுக்கு நடுவில் 94 வருஷம் காலி. அவன் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கு அது மூன்று வருஷத்துக்கு முன் படித்த பழைய பாடம்.

கையில் இருக்கும் இந்தக் கோடையை அந்த 94 வருஷத்துக்கே கொடுங்கள். 1787 அரசியலமைப்பு, 1791இல் வந்த முதல் பத்துத் திருத்தங்கள், 1803 லூசியானா வாங்கியது, 1845இல் டெக்சாஸ் சேர்ந்தது (அந்த ஊர் வகுப்பில் போய் இது தெரியாமல் முழிக்கக் கூடாது), 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். நேரம் குறைவென்றால் மற்றதை ஓட்டமாகப் பார்த்துவிட்டு 13, 14, 15 ஆகிய மூன்று திருத்தங்களில் நிற்கட்டும். 1865இல் அடிமை முறை ஒழிப்பு, 1868இல் குடியுரிமையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பும், 1870இல் இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்பது. வருஷம் முழுக்க இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வரும். ரயில் பெட்டியில் இனப் பிரிவினை செல்லும் என்று 1896இல் வந்த பிளெஸ்ஸி தீர்ப்பும், பள்ளியில் அது செல்லாது என்று 1954இல் வந்த பிரௌன் தீர்ப்பும் 14வது திருத்தத்தின் மேல் நடந்த சண்டைதான்.

இனி பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன், அது நல்ல கேள்வி. அவனிடம் இப்படிக் கேளுங்கள்: 1870லேயே வாக்குரிமை கொடுத்தாயிற்றே, அப்புறம் 1965இல் எதற்காக மறுபடியும் ஒரு வாக்குரிமைச் சட்டம்? தெற்கு மாநிலங்கள் போட்ட வாக்கு வரியும் எழுத்தறிவுத் தேர்வும்தான் காரணம் என்று ஒருவன் எழுதலாம். 1877இல் மத்திய அரசு படையைத் தெற்கிலிருந்து விலக்கிக்கொண்டதே மூல காரணம் என்று இன்னொருவன் எழுதலாம். அடி உதைக்கும் கொலைக்கும் பயந்துதான் மக்கள் வாக்குச் சாவடிக்குப் போகவில்லை என்று மூன்றாமவன் எழுதலாம். சான்று சரியாக இருந்தால் மூவருக்கும் முழு மார்க் கிடைக்கும். போர் முடிந்துவிட்டது, உண்மைதான். எது எதனால் நடந்தது, எது பெரிய காரணம் என்ற வழக்கு முடியவில்லை. அந்த வழக்கில் அவன் ஒரு பக்கம் நின்று பேச வேண்டும், அவ்வளவுதான்.

மூல ஆவணம் என்றதும் மலைக்க வேண்டாம். ஓர் ஆவணத்தைப் பார்த்ததும் யார் சொன்னது, யாரிடம், எப்போது, எதற்காக என்று கேட்கப் பழக வேண்டும். நம் ஊரோடு ஒட்டிய ஒன்றிலேயே தொடங்கலாம். மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரியில் மனைவியோடு இந்தியா வந்தார். கன்னியாகுமரிக்கும் வந்திருக்கிறார். சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒருசேரப் பார்த்ததை அவரே சொல்லியிருக்கிறார். நான் பாடமாக எடுப்பது அந்தப் பயணத்தின் இன்னொரு சம்பவம். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் கிங்கை அறிமுகப்படுத்தியதாகவும், தான் முதலில் அதிர்ந்து, பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்ததாகவும் அவர் சொன்னார். எப்போது சொன்னார் தெரியுமா? 1965 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தில், அட்லாண்டாவில் தன் சபையார் முன்னால் பிரசங்கம் பண்ணும்போது. நடந்து ஆறு வருஷம் கழித்து. வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது ஆகஸ்ட் 6, கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து.

இப்போது பையன் எழுதட்டும். ஏன் அந்த நாளில் இந்தக் கதை? கேட்டவர்கள் யார்? ஆறு வருஷ இடைவெளி இந்தச் சான்றை எப்படிப் பாதிக்கும்? ஒரு பக்கம் போதும். ஏ.பி. ஆவணக் கட்டுரையில் திருத்துபவர் தேடுவதும் இதைத்தான்.

அடுத்தது இன்னும் பக்கத்தில். தோள்சீலைக் கலவரத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு போட்ட அறிவிப்பு. சென்னை கவர்னர் டிரெவெலியன் கொடுத்த நெருக்கடியும் அதற்குப் பின்னால் உண்டு. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவது போல அணியக் கூடாது என்றது அது. இதை உரிமை என்பதா, வேலி என்பதா? இதில் ஒரு பக்கம் எடுத்து எழுதிப் பழகினால், 1868க்கும் 1896க்கும் நடுவில் அமெரிக்காவில் நடந்தது அவனுக்குத் தானாகப் பிடிபடும்.

படிக்க ஆர்வம் வர ஒரு கொக்கி வேண்டுமென்றால் கார்ன்வாலிஸைச் சொல்லுங்கள். 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த படையின் தளபதி. 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். 1789 கடைசியில் திப்பு திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கியதில் தொடங்கிய மூன்றாம் மைசூர்ப் போரில், நேரடியாகப் படை நடத்திப் போனவர் அவரே. அப்போது திருவிதாங்கூருக்குத் தலைநகர் நம் பத்மநாபபுரம்.

ஏ.பி. பற்றி: ஒரு இரவில் இருபது பக்கம் ஆங்கிலத்தில் வாசித்து, மறுநாள் அதைப் பற்றி இரண்டு வாக்கியம் பேச முடியுமென்றால் சேரட்டும். முடியாதென்றால் முதல் வருஷம் சாதாரண வகுப்பே நல்லது. டெக்சாஸில் இந்தப் பாடத்துக்கு மாநிலத் தேர்வும் உண்டு, பள்ளிப் படிப்பை முடிக்க அது வேண்டும். புது ஊர், புது வீடு, அதோடு இதுவும். கிரெடிட்டை வேறு பாடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

முன்னாள் நாகர்கோவில், இப்போது நியூஜெர்சி:

மாமா, நானும் ஸ்டேட் போர்டில் இருந்து நேராக இங்கே வந்தவள். இங்கே இது இரண்டு வருஷப் பாடம், டெக்சாஸ் மாதிரி இல்லை. பாடம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் வகுப்பறைப் பழக்கம் ரொம்ப மாறாது.

முக்கியமானது காப்பி. நம் ஊரில் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதினால் முழு மார்க். இங்கே மேற்கோள் குறி போடாமல், எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமல் எழுதினால் பூஜ்யம், வீட்டுக்கும் தகவல் போகும். நல்ல ஞாபக சக்தி உள்ள பிள்ளைக்குத்தான் இதில் ஆபத்து அதிகம், வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் புத்தக வரி கையில் வந்துவிடும். புத்தகத்தை மூடிவிட்டு, பாட்டிக்குக் கதை சொல்வது போலத் தமிழில் சொல்லிப் பார்த்து, அப்புறம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் தப்பித்தேன்.

பேசுவதற்கு: முந்தின நாள் வாசிப்பிலிருந்து ஒரு கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு போய், வகுப்பு தொடங்கிய உடனே கேட்டுவிட வேண்டும். விவாதம் சூடு பிடித்த பிறகு நடுவில் நுழைவது கஷ்டம். ஆசிரியர் சொன்னதற்கு மாற்றாகச் சொன்னாலும் கோபப்பட மாட்டார், எந்த ஆவணத்தில் பார்த்தாய் என்றுதான் கேட்பார். இன்னொன்று, பழைய ஆவணங்களில் கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் சொற்கள் அச்சில் இருக்கும். அதைச் சத்தமாக வாசிக்கவே கூடாது. இது தெரியாமல் போய் முதல் மாதமே கெட்ட பேர் வாங்க வேண்டாம்.

சொந்த வீட்டுக் கதையும் பாடமாகும். 1946 சட்டம் இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்று இடம் ஒதுக்கியது. 1965 குடியேற்றச் சட்டம் வந்த பிறகுதான் நம்மூர் நர்ஸுகளும் டாக்டர்களும் இங்கே வர வழி திறந்தது. நான் அம்மாவைப் பேட்டி எடுத்து இதையே ப்ராஜெக்ட் ஆக்கினேன். அவனுக்கும் வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருக்காங்களே.

ஆசிரியரை சார் என்று கூப்பிட வேண்டாம், மிஸ்டர் போட்டுக் குடும்பப் பெயர் சொல்வதுதான் இங்கே வழக்கம்.

குளச்சல்காரன், டாலஸ்:

தங்கச்சி, அது உங்க ஊர்ல. டெக்சாஸில் 'எஸ் சார்', 'எஸ் மேம்' என்றால் மரியாதையான பிள்ளை என்பார்கள். தாராளமாகச் சொல்லட்டும். டீச்சர் சொன்ன இருபது பக்கக் கணக்கு நியாயம்தான், என் பையனுக்குக் கொடுத்த மாதிரி வாசிப்பே அவ்வளவு இருந்தது. ஆனாலும் நான் ஏ.பி. பக்கம்தான்.

மார்த்தாண்டம் மாமா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், 1859 அறிவிப்பைப் பற்றி எழுதச் சொன்னேன். முதல் வரி இது: "தோள்சீலைப் போராட்டம் நம் மாவட்ட வரலாற்றில் மிக முக்கியமான போராட்டம் ஆகும்." சரியா?

தக்கலை டீச்சர்:

தம்பி, இதை மறுத்துப் பேச ஒருத்தராவது கிடைப்பார்களா? கிடைக்க மாட்டார்கள். அதனால் இது வாதம் ஆகாது. அறிவிப்பு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை, இரண்டில் எது கனம் என்று அவனைக் கேளுங்கள்.

மார்த்தாண்டம் மாமா:

கேட்டேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு இதை எழுதினான்: "1859 அறிவிப்பு மேலாடையை அனுமதித்தாலும், உடையைப் பார்த்தே சாதி தெரிய வேண்டும் என்ற பழைய விதியைக் காப்பாற்றியது." பாட்டி அதை வாசித்துவிட்டு, "அப்போ போராடினவங்க ஜெயிக்கலையா?" என்று அவனோடு சண்டைக்குப் போய்விட்டார்கள்.

தக்கலை டீச்சர்:

வரி பிரமாதம். பாட்டி சொன்னதையும் இரண்டாவது பத்தியில் எதிர்வாதமாகப் போட்டு, அதற்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் முடித்த பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். இரண்டையும் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.