பல் பிடுங்குவதற்கு முன், மருத்துவமனையின் கிருமி நீக்க முறையை நாம் எப்படித் தெரிந்துகொள்வது?

குடியாத்தம் வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் அறுபது வயதைக் கடந்தவர். நெடுங்காலமாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். கீழ்த்தாடையில் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடிப்போய்விட்டதால் அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் 2023ஆம் ஆண்டில் வாணியம்பாடியில் பல் சிகிச்சைக்குப் போனவர்கள் மூளைத்தொற்றால் இறந்த செய்தியை உறவினர் ஒருவர் படித்துக் காட்டியதிலிருந்து, வலியைப் பொறுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்கிறார். அந்த அச்சத்தை நான் குறை சொல்ல முடியாது.

நான் இரண்டு இடங்களைப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் பளிங்குத் தரை, குளிர்சாதன வசதி, நீல விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவைத்த கருவிகள் என எல்லாம் பார்ப்பதற்கு நிறைவாக இருந்தன. மற்றொன்று பழைய கட்டடம். ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் கருவிகளை ஒட்டிய உறையிலிருந்து, அவர் கண் முன்னால் பிரித்து எடுக்கிறார்கள். இவற்றில் எதை நம்புவது, மருத்துவரின் மனம் நோகாமல் எவற்றைக் கேட்கலாம் என்பதைத் துறை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பல் மருத்துவர், சத்துவாச்சாரி:

ஐயா, நீங்கள் பார்த்த இரண்டில் பழைய கட்டடத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது. நீல விளக்குப் பெட்டி கருவிகளைச் சேமித்து வைப்பதற்கு மட்டுமே உதவும். புற ஊதாக் கதிர் தான் நேராகப் படும் பரப்பில் மட்டுமே வேலை செய்யும். இடுக்கியின் மூட்டிலும், பல்லைக் குடையும் சுழல் கருவியான ஹேண்ட்பீஸின் உட்குழாயிலும் அது நுழைவதில்லை. அந்தப் பெட்டிக்குள் வருவதற்கு முன்னால் கருவி எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. அழுத்தமேற்றிய நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தில் இருந்து வந்ததென்றால் சரி. கொதிநீரில் இருந்தோ, மருந்துக் கரைசல் தட்டில் இருந்தோ வந்ததென்றால் சரியில்லை. கொதிநீரின் 100 டிகிரி வெப்பம் பாக்டீரிய வித்துகளை, அதாவது சில பாக்டீரியாக்கள் கடின உறைக்குள் உறங்கும் நிலையை, அழிப்பதில்லை. பல இடங்களில் இன்றும் புழங்கும் 2 சதவீத குளுடரால்டிஹைடு கரைசலும் வித்துகளை அழிக்க ஏறத்தாழ 10 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒரு நோயாளி எழுந்து அடுத்தவர் அமர்வதற்குள் கருவியை அதில் முக்கி எடுப்பதால் கிருமி நீக்கம் நடப்பதில்லை.

எலும்பையும் ரத்தத்தையும் தொடும் கருவி ஒவ்வொரு முறையும் முழுமையாகக் கிருமி நீக்கப்பட வேண்டும் என்பது ஸ்பால்டிங் என்ற அறிஞரின் வகைப்பாட்டிலிருந்து உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி. பல்லைப் பிடுங்கும் இடுக்கியான ஃபோர்செப்ஸ், பல்லை நெம்பித் தளர்த்தும் எலிவேட்டர் இரண்டும் இந்த வகையில் வருகின்றன. இவற்றைப் பெரும்பாலான மருத்துவர்கள் ஒழுங்காகவே ஆட்டோகிளேவ் செய்கிறார்கள். தவறு நேரும் இடம் பெரும்பாலும் ஹேண்ட்பீஸ். அது நிற்கும் நொடியில் வாயிலுள்ள நீரையும் ரத்தத்தையும் சிறிதளவு உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே வெளியே ஸ்பிரிட் வைத்துத் துடைப்பது போதாது, எண்ணெயிட்டு உறையிலிட்டு ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். கழுவி, உறையிட்டு, வெப்பமேற்றி, உலர்த்தி எடுக்க முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு மாலையில் இருபது பேரைப் பார்க்கும் இடத்தில் இரண்டே ஹேண்ட்பீஸ்கள் இருந்தால் அது நடக்க முடியாத காரியம் என்பதை யாரும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மரத்துப்போகும் ஊசியையும் கவனியுங்கள். நம் நாட்டில் லிக்னோகெய்ன் பெரும்பாலும் பலருக்குப் பயன்படும் 30 மில்லி குப்பியில்தான் வருகிறது. ஒருவருக்குக் குத்திய ஊசியையோ, அந்த ஊசியை மாற்றிவிட்டு அதே சிரிஞ்சையோ மறுபடி குப்பிக்குள் விட்டால், அவருடைய ரத்தத்தின் துளி அடுத்து வருகிற அத்தனை பேருக்கும் போய்ச் சேர வழி பிறக்கிறது. புதிய சிரிஞ்சும் புதிய ஊசியும் உங்கள் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். மருந்து போதாமல் இரண்டாம் முறை எடுக்க நேர்ந்தாலும் அப்படியே. மருந்து நிரப்பி மூடிய சிறு குழலான 1.8 மில்லி கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கும் இடமானால் இந்தக் கவலை பெருமளவு குறையும், ஒரு கார்ட்ரிட்ஜ் ஒருவருக்கு மட்டுமே என்றால்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "உங்களுக்கு மஞ்சள் காமாலை உண்டா?" என்று கேட்டு, உண்டு என்பவருக்கு மட்டும் தனிக் கருவி எடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடிய ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பிலும் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். அது தம் உடலில் இருப்பதை அறியாதவர்களும் பலர். எனவே வருகிற ஒவ்வொருவரையும் தொற்றுள்ளவராகக் கருதி ஒரே நெறியில் நடத்துவதுதான் முறை. முன்னெச்சரிக்கையை நோயாளியின் வாக்குமூலத்தின் மேல் கட்டக் கூடாது.

கிருமி நீக்கப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், காட்பாடி:

மருத்துவர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் "ஆட்டோகிளேவ் செய்தோம்" என்ற பதிலோடு விசாரணையை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இயந்திரம் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு.

சிறிய மருத்துவமனைகளில் பிரஷர் குக்கர் வடிவ ஆட்டோகிளேவ்தான் பெரும்பாலும் இருக்கும். அதில் நீராவி உள்ளிருக்கும் காற்றை முழுவதும் வெளியே தள்ளிய பிறகுதான் வால்வை மூட வேண்டும். அவசரத்தில் முன்னதாக மூடிவிட்டால் அழுத்தமானி 15 பவுண்டு காட்டும். உள்ளே காற்று கலந்திருப்பதால் வெப்பம் 121 டிகிரியை எட்டியிருக்காது. முள்ளைப் பார்த்து ஏமாறும் இடம் இதுதான். நேரத்தையும் அந்த வெப்பம் வந்த பின்புதான் எண்ணத் தொடங்க வேண்டும். உறையிட்ட கருவிகளுக்கு 121 டிகிரியில் 30 நிமிடம் என்பது பாதுகாப்பான அளவு. ஹேண்ட்பீஸ் போன்ற உட்குழாய் உள்ள கருவிகளுக்கு, காற்றை முன்கூட்டியே உறிஞ்சி எடுக்கும் வெற்றிட வகை, அதாவது கிளாஸ் பி ஆட்டோகிளேவ்தான் ஏற்றது. அதில் 134 டிகிரியை எட்டிய பின் சில நிமிடங்கள் வைத்தால் போதும்.

நம் வட ஆர்க்காட்டு மாவட்டங்களுக்கென்று இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று தண்ணீர். மேட்டூரிலிருந்து காவிரி நீர் வந்தாலும் பல கட்டடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் புழங்குகிறது. அந்தக் கடின நீரை ஆட்டோகிளேவில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து, வால்வு அடைத்து, கருவிகள் வெண்புள்ளிகளோடு வெளிவரும். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. மற்றொன்று மின்தடை. சுழற்சியின் நடுவே மின்சாரம் போய் வந்தால், மீதி நிமிடங்களை மட்டும் ஓட்டுவது செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மாலை நெரிசலில் அதைச் செய்கிற உதவியாளர் எவரோ, அவரைத்தான் நான் உண்மையான தொழிலாளி என்பேன்.

உறையைப் பிரிக்கும்போது இரண்டைப் பாருங்கள். உறையின் மேலுள்ள குறியீடு நிறம் மாறியிருக்க வேண்டும். உறை உலர்ந்திருக்க வேண்டும். ஈரமான காகித உறை வெளிக்கிருமியை உள்ளே உறிஞ்சிவிடும் என்பதால், ஈரமாக வந்ததை நாங்கள் கிருமி நீங்கியதாக ஏற்றதே இல்லை. நிறம் மாறியது வெப்பம் பட்டதை மட்டுமே சொல்லும். வித்துகள் உண்மையில் அழிந்தனவா என்பதை அறிய, வெப்பத்தை மிகவும் தாங்கக்கூடிய ஜியோபேசில்லஸ் வகைப் பாக்டீரியாவின் வித்துகள் கொண்ட பட்டையை வாரம் ஒருமுறை கருவிகளோடு உள்ளே வைத்து, பிறகு ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள். இதைச் செய்து பதிவேட்டில் எழுதிவைக்கும் மருத்துவமனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் நம்பிப் போகலாம். இவை அனைத்துக்கும் முன்னால் கருவியைத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். உறைந்த ரத்தத்துக்கு அடியிலிருக்கும் கிருமியை நீராவி எளிதில் எட்டாது.

நுண்ணுயிரியல் ஆய்வாளர், வேலூர்:

கேள்வியே வாணியம்பாடியிலிருந்து தொடங்கியதால், அங்கே நடந்ததைத் தெளிவாகச் சொல்வது கடமை என்று நினைக்கிறேன். அந்த நோய் மெலியாய்டோசிஸ்; காரணம் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற, மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியா. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை இப்பகுதியில் மூளையும் நரம்பும் பாதிக்கப்பட்ட 21 பேரை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஆராய்ந்தனர். அவர்களில் 10 பேர் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்தனர். ஆய்வு 2025இல் வெளியானது.

கிருமி வந்த வழிதான் நாம் கற்க வேண்டியது. அங்கே பயன்பாட்டில் இருந்த சலைன், அதாவது புண்ணைக் கழுவும் உப்பு நீர், பாட்டிலில் அதே பாக்டீரியா கிடைத்தது. பாட்டிலை அறுவைக் கருவி ஒன்றால் திறந்து, தளர்வாக மூடி, அடுத்தடுத்த நோயாளிகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உப்பு நீரில் கிருமி வளராது என்று பலர் நம்புகிறார்கள். சலைனில் கிருமியைக் கொல்லும் பொருள் எதுவுமே கிடையாது. இந்த வகைப் பாக்டீரியா வெறும் காய்ச்சி வடித்த நீரிலேயே ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். திறந்த எலும்புக் குழியில் அந்த நீரைப் பீய்ச்சியபோது, கிருமி முகத்து நரம்புகளைப் பற்றிக்கொண்டு மூளைத்தண்டுக்கே போயிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. ரத்தத்தின் வழியே சுற்றிவரும் காலதாமதம்கூட இல்லை. அவ்வளவு விரைவாக உயிர்கள் போனதற்கு அது காரணமாக இருக்கலாம்.

ஆகவே என்னைக் கேட்டால், தாயாருக்கான முதல் கேள்வி ஆட்டோகிளேவைப் பற்றியதாக இருக்க வேண்டாம். "குழியைக் கழுவும் சலைன் புதிதாகப் பிரித்ததா?" என்பதாக இருக்கட்டும். நாற்காலியோடு இணைந்த குழாய் நீரால் பல் பிடுங்கிய குழியைக் கழுவக் கூடாது. அந்த மெல்லிய குழாய்களின் உட்சுவரில் பாக்டீரியப் படலம் படிவது இயல்பு. அறுவை அல்லாத சிகிச்சைக்கே ஒரு மில்லி நீரில் 500 பாக்டீரியத் தொகுதிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் வரையறுத்திருக்கிறது. 2011இல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர் பல் சிகிச்சை நாற்காலியின் குழாய் நீரிலிருந்து லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா தொற்றி இறந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

மெலியாய்டோசிஸ் தாக்கும் அபாயத்தை மிக அதிகமாகக் கூட்டுவது சர்க்கரை நோய் என்பதால், உங்கள் தாயாரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆடும் பல்லைச் சீழோடு விட்டுவைப்பது சர்க்கரை நோயாளிக்கு ஆபத்தானது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

குடியாத்தம் வாசகர்:

மூவருக்கும் நன்றி. பழைய கட்டடத்தில் இருப்பவரிடமே நேரில் போய், சலைனைப் பற்றியும் ஹேண்ட்பீஸைப் பற்றியும் கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் பதிவேட்டையே எடுத்துக் காட்டினார். அரை லிட்டர் பாட்டிலை ஒருவருக்காகத் திறந்தால் மீதியைக் கொட்டிவிடுவதாகச் சொன்னார். அம்மாவும் வருவதற்கு ஒப்புக்கொண்டார். இரண்டு ஐயங்கள் மிச்சமிருக்கின்றன: பல் எடுத்த பின் வீட்டில் எவற்றைக் கவனிக்க வேண்டும், எங்காவது முறைகேடு கண்ணில் பட்டால் யாரிடம் சொல்ல வேண்டும்?

பல் மருத்துவர், சத்துவாச்சாரி:

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டு, அதற்கான விதிகள் 2018இல் வந்தன. பல் மருத்துவமனைகளும் அதன்கீழ்ப் பதிவுபெற வேண்டும். மாவட்டத்தில் அந்தப் பொறுப்பு மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருடையது. அவருடைய அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கலாம். பதிவுச் சான்றிதழை வரவேற்பறையில் தேடிப் பாருங்கள். ஊசிகளுக்கான துளைபடாத வெண்பெட்டியும், மஞ்சள், சிவப்பு நிறக் கழிவுப் பைகளும் 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி இருக்கின்றனவா என்பதையும் பார்க்கலாம்.

பல் எடுத்த பிறகு இரண்டு மூன்று நாட்கள் வீக்கமும் வலியும் இருப்பது இயல்பு. அவை நாளுக்கு நாள் குறைய வேண்டும். காய்ச்சலோடு தலைவலி, பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, முகத்தில் சீழ் என எது தோன்றினாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நுண்ணுயிரியல் ஆய்வாளர், வேலூர்:

அப்படிப் போக நேர்ந்தால், எந்த நாளில் பல் எடுத்தார்கள் என்பதையும் சர்க்கரை நோய் இருப்பதையும் அங்கே முதலிலேயே சொல்லுங்கள். இந்தக் கிருமி பென்சிலின், ஜென்டாமைசின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு அடங்குவதில்லை. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் வாரக்கணக்கில் ரத்தக்குழாய் வழியே செலுத்தி, அதன் பின் மாதக்கணக்கில் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். பல் சிகிச்சையைப் பற்றிய அந்த ஒரு வரித் தகவல் கிடைத்தால்தான் மருத்துவர் மெலியாய்டோசிஸை நினைத்துப் பார்த்து, அதற்கேற்ற பரிசோதனைக்கு ரத்தத்தையும் சீழையும் அன்றே அனுப்புவார்.